எண் போடாத தசைகள்

படம் வரைகிறவர்களுக்கு மனிதத் தசையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் ஆறிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஆறிய பிறகு அடியில் தங்கிக் கிடப்பது ஏளனம்தான். அதை வைத்துத்தான் எழுதுகிறேன். என் அண்ணனைப் பிடித்துக் கப்பலேற்றும் அளவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் நிறுத்தியது துப்பாக்கி அல்ல, காட்டுக்காரர்களும் அல்ல. எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தசைப்படமும், அதை நம்பி அவன் சேர்த்து வைத்திருந்த நாலு டின் பாலும்தான்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையை ஒட்டி இருக்கிறது. காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை, எங்கள் பேச்சில் காட்டுக்காரர்களை, ஒடுக்க அவசரகாலச் சட்டம் வந்த பிறகு, அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது கூலிகளின் வரிசை வீடுகளை, பிரித்துக்கொண்டுவந்து ஆபீசுக்குப் பக்கத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள். எழுத்து என்று ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்தது என்னோடுதான். பள்ளிக்கூடத்தை முடித்து, நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், காயத்துக்கு மருந்து கட்டி டாக்டருக்குக் கைத்துணையாக இருக்கும் டிரெஸ்ஸர் வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்து, அம்பாங்கானில் ஓர் அறையில் நாலு பேரோடு ஒண்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வருவேன். திங்கட்கிழமை விடிந்ததும் திரும்புவேன்.

பயிற்சி வகுப்பின் சுவரில் தோலுரித்த மனிதன் ஒருவன் தொங்கினான். விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று முதல் நாள் அவனைக் கும்பிடாத குறையாகப் பார்த்தேன். அப்புறம் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. உடம்பு முழுக்கத் தோல் கிடையாது. ஆனால் ஒரு கையை உயர்த்தி, ஒரு காலை முன்வைத்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவன் மாதிரி நிற்கிறான். முகத்தில் வலி என்று ஒரு கீற்று இல்லை. தசையெல்லாம் செம்பருத்திச் சிவப்பு. தசைநாரெல்லாம் கல்யாணப் பரிசில் கட்டிய நாடா மாதிரி தும்பைவெள்ளை. பெரிய டாக்டரின் பழைய புத்தகம் ஒன்றில் இன்னும் மோசம். அதில் தோலுரித்தவனுக்குப் பின்னால் குன்று, மரம், ஆறு எல்லாம் வரைந்திருந்தது. தோலைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்று வாங்கப் புறப்பட்டுவிட்டான் போலிருக்கிறது!

அந்தக் காலத்தில் ஓவியர்களுக்கு அறுத்துப் பார்க்கக் கிடைத்த உடம்புகள், தூக்கில் போட்டவர்களுடையதும் கேட்பாரற்றுச் செத்தவர்களுடையதும்தான் என்று எங்கள் வகுப்பாசிரியர் சொன்னார். அதுவரைக்கும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. உடம்பு பிச்சைக்காரனுடையது, நிற்பது மட்டும் ராஜா மாதிரி. செத்தவனைக் கேட்காமல் அவன் தோலை எடுத்தது ஒரு திருட்டு என்றால், அவன் முகத்தையும் நிலையையும் மாற்றி வேறு யாரோவாக நிறுத்தியது இன்னொரு திருட்டு.

நிஜத்தை முதல் மாதத்திலேயே பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். பால் வெட்டும் உளி சறுக்கிக் கட்டைவிரலின் பின்பக்கம் குறுக்கே இறங்கியிருந்தது. காயத்தை விரித்தபோது தசை, செம்பருத்தி நிறத்தில் இல்லை; கசாப்புக் கடையில் இருப்பதுபோலத்தான் இருந்தது. தசைநார், வெட்டுக்கோட்டில் காய்ந்து படிந்த ஒட்டுப்பாலைக் காலையில் உரித்தெடுப்போமே, அந்த நிறத்தில், அந்த ஈரப் பளபளப்போடு இருந்தது. அறுந்த முனை ஒன்றைக் காணவே காணோம். அது மணிக்கட்டுக்குள் சுருங்கி ஓடிப்போயிருந்தது. டாக்டர் இடுக்கியை விட்டுத் துழாவித் துழாவித் தேடிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த படத்தில் எந்த நாரும் எங்கேயும் ஓடிப்போவதில்லை. அறைந்த ஆணி மாதிரி அதனதன் இடத்தில் இருக்கின்றன.

விஞ்ஞானம் இந்த லட்சணம் என்றால் கலையைச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீட்டு நாள்காட்டியில் இருந்த முருகனுக்குக் கை வாழைத்தண்டு. அசுரனைப் பிளக்க வேல் ஓங்கும் கையில் ஒரு வரி, ஒரு புடைப்பு இருக்க வேண்டாமா? சரி, சாமி விஷயத்தில் நான் வாதாடவில்லை. சாமிக்கு நரம்பு தேவைப்படாமல் இருக்கலாம். மாரியம்மன் திருவிழாக் கூத்தில் பீமன் வருவான். சட்டைக் கைக்குள் பஞ்சும் கந்தலும் திணித்துப் புஜம் செய்திருப்பார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒரு புஜம் முழங்கைக்கு இறங்கிவிடும். பாஞ்சாலியிடம் சபதம் பேசிக்கொண்டே அவன் அதை மேலே தள்ளிக்கொள்வான். என்னைக் கேட்டால், தசையைக் காட்டிய கலைகளிலேயே நேர்மையானது அதுதான். பஞ்சு என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

பிறகு துண்டுத்தாள்கள் வந்தன. சர்க்கார் தாள் விமானத்திலிருந்து விழும். காட்டுக்காரர்களின் தாள் விடிந்து பார்த்தால் ரப்பர் மரத்தில் குத்தியிருக்கும். சர்க்கார் தாளில் ஒரு விசுவாசமான தொழிலாளி. காட்டுத் தாளில் ஒரு புரட்சித் தொழிலாளி. இரண்டு பேருக்கும் ஒரே கை! முழங்கைக்கு மேலே தேங்காய் கட்டிவிட்டதுபோல் ஒரு கை. எங்கள் தோட்டத்தில் எவரையாவது கூப்பிட்டுச் சட்டையைச் சுருட்டச் சொல்லுங்கள். முழங்கைக்கு மேலே குச்சிதான். கீழேதான், முன்கையில், முறுக்கின கயிறு மாதிரி எல்லாம் இருக்கும். வேலை செய்கிற இடத்தில்தானே தசை வரும்? மரம் வெட்டுகிற ஒரு கையை நேரில் பார்க்காத யாரோ ஒருவன் இரண்டு பக்கமும் கூலி வாங்கி வரைகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வெளியே சொல்லவில்லை.

இப்படி எல்லாப் படத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்கே ஒரு படம் வந்து சேர்ந்தது. அண்ணன் வரவழைத்தான்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஒல்லி. வேலிக்குள் அடைத்துப் போட்ட பிறகு சாயங்காலத்தில் இளவட்டங்களுக்குப் போக்கிடம் இல்லை. சிலர் சீட்டு ஆடினார்கள், சிலர் சண்டை போட்டார்கள். அண்ணன் பயில்வான் ஆவது என்று தீர்மானித்தான். சிங்கப்பூரிலிருந்து தபாலில் ஒரு பாடம் வந்தது. இங்கிலீஷில் ஒரு சிறு புத்தகம், அதோடு ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு படம். படத்தில் தோலுரித்த ஒருவன் இடுப்பில் துண்டுத் துணியோடு இரண்டு கைகளையும் மடக்கி முறைத்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு தசைக்கும் ஓர் எண். மாதத்துக்கு ஓர் எண்ணை வளர்க்க வேண்டும். எல்லா எண்ணும் வளர்ந்த பிறகு புகைப்படம் எடுத்து அனுப்பினால் சான்றிதழ் தருவார்கள்.

அப்பா அதைப் பார்த்த அன்று நானும் வீட்டில் இருந்தேன்.

“ஏன்டா, ஆட்டுக்கடைல தொங்குறதக் கொண்டாந்து சாமி பக்கத்துல ஒட்டிருக்க?”

“ஆடு இல்லப்பா. ஆளு.”

“ஆளா? தோலு எங்கடா?”

“தோல எடுத்துட்டுத்தான் போட்டுருக்கான். உள்ள இருக்கறது தெரியணும்ல?”

“மூடி வச்சதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா. தெறந்து பாத்தா வெளங்குமா?”

அம்மாவின் கவலை வேறு. “எதால ஒட்டுன? சோத்துப் பசையாலயா? அரிசிய அளந்து போடுறான், இவன் செவுத்துக்கு ஊட்டிக்கிட்டிருக்கான்!”

அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை. இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் சிமெண்டை இறுக வைத்து ஒரு கனம் செய்துகொண்டான். நான் வரும்போதெல்லாம் புத்தகத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்வான். நான் படிப்பேன், கூடவே திட்டுவேன்.

“அண்ணே, இது எட்டாம் நம்பருங்கறானே, இப்பிடி ஒரு உருண்டை மனுஷனுக்குக் கெடையாது. வரைஞ்சவன் சொந்தமா ஒன்னு சேத்துருக்கான்.”

“நீ ஆஸ்பத்திரில நோயாளியத்தான் பாத்துருக்க. இவன் பயில்வான். அவனுக்கு இருக்கும்.”

“தோலு உரிச்சா பயில்வானும் ஒன்னுதான், பட்டினி கெடந்தவனும் ஒன்னுதான்.”

“சரி டாக்டரு. அடுத்த வரியப் படி.”

அடுத்த வரியில்தான் பால் இருந்தது. காலை, மத்தியானம், படுக்கப்போகும் வேளை என மூன்று வேளையும் பால் குடிக்க வேண்டும். கடைசி வாரங்களில் இரட்டைப் பங்கு. எழுதினவன் பசும்பாலை நினைத்து எழுதியிருப்பான். எங்கள் தோட்டத்தில் இருந்த பால் இரண்டுதான்: மரத்தில் வடிவது, டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால்.

டின் பாலுக்கும் அப்போது சட்டம் இருந்தது. உணவு எதுவும் காட்டுக்குப் போகக் கூடாது. காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு கவளம் சோறு இருந்தாலும் போச்சு. கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் நம் கண்ணெதிரே ஆணியால் மேலே இரண்டு துளை போட்டுத்தான் கையில் கொடுப்பார். துளை போட்ட டின் நாளடைவில் கெட்டுப்போகும், பதுக்கிவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது என்பது சர்க்காரின் எண்ணம்.

சர்க்காருக்கு என் அண்ணனைத் தெரியாது. அக்கம்பக்கத்து வீடுகளில் தன் சீனிப் பங்கைக் கொடுத்து, பதிலுக்கு டின்னாக வாங்கினான். பால் கொட்டும் ஸ்டோரில் வாளியின் அடியில் தங்கும் மரப்பாலில் விரலைத் தோய்த்துவந்து துளைமேல் தடவினான். காய்ந்ததும் மறுபடி தடவினான். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டதுபோலக் கெட்டியாக அடைந்துகொண்டது. கடைசி வாரங்களின் இரட்டைப் பங்குக்கு என்று இப்படி நாலு டின் சேர்த்தான். அப்பா எடுத்துக் கோப்பியில் ஊற்றிக்கொள்வார் என்று பயந்து, அடுப்புக்குப் பின்னால் விறகுக்கு அடியில் மறைத்து வைத்தான். தோட்டத்தில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை தோன்றாது. என் அண்ணனைத் தவிர வேறு யாரும் இதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் மாட்டார்கள். இதைப் பார்த்தால் போலீசு என்ன நினைக்கும் என்று நான் கேட்டதற்கு, “எம் பாலு, எம் ஒடம்பு. எவன் என்ன நெனச்சா என்னா?” என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோதனை வந்தது. ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, பின்னால் லாரியில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அதிகாரிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மூக்கு வெயிலில் வெந்து உரிந்திருந்தது. வரிசையாக ஒவ்வொரு வீடாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டு விறகைச் சரித்ததும் நாலு டின்களும் உருண்டன. அதிகாரி ஒன்றை எடுத்துத் திருப்பினார். துளை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புப் பொட்டுகள். நகத்தால் சுரண்டினார். ரப்பர்.

“சூசு சியாப்பா?” என்று மலாயில் கேட்டார். யாருடைய பால்?

“சாயா புன்யா, துவான்,” என்றான் அண்ணன். என்னுடையது என்று சொன்னவன் அதோடு நிறுத்தாமல் சுவரைக் காட்டினான். படத்தில் இருப்பவன் வந்து தனக்காகச் சாட்சி சொல்வான் என்று நம்பினான் போலிருக்கிறது.

அண்ணனை ஆபீசுக்கு நடத்திப்போனார்கள். ஒரு கான்ஸ்டபிள் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தான். ஒரு பாதம் மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டது. ஆபீஸ் முன்னால் ஜனம் கூடிவிட்டது. மொழிபெயர்க்கத் தோட்டத்துக் கிராணியைக் கூப்பிட்டார்கள். அவர் ஆபீஸ் எழுத்தர். துரையின், அதாவது வெள்ளைக்கார மேனேஜரின், இங்கிலீஷைத் தமிழாக்கித் தமிழாக்கி அரைத் துரை ஆனவர். அப்பா படிக்கட்டின் ஓரத்தில் குந்திவிட்டார். அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது: “கப்பல்ல ஏத்திருவான். ஏத்திருவான்.”

அது வெறும் பயமல்ல. காட்டுக்குச் சாப்பாடு கொடுத்தான் என்று அதிகாரி முடிவுகட்டினால் விசாரணையில்லாமல் அடைத்து வைக்கலாம். அடைத்தவர்களில் சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள். அண்ணன் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில்தான். ஆனால் பிறந்ததற்கு ஒரு சீட்டும் எடுத்து வைத்ததில்லை. நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் வலக்கைப்பக்கம் போவதா இடக்கைப்பக்கம் போவதா என்று அவனுக்குத் தெரியாது.

அதிகாரி படத்தை மேசைமேல் விரித்துப் பார்த்தார். சிரித்தார். இந்த மாதிரிப் பாடங்களை அவரும் பார்த்திருப்பார்போல. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எத்தன மாசமாடா இதச் செய்யிற?”

“வர்ற தீவாளிக்கு ஒரு வருசங்க.”

“சட்டையக் கழட்டு. படத்துல இருக்கறவன் மாதிரி நில்லு.”

என் அண்ணனை நான் அறிவேன். அந்த நிமிஷத்தில் அவனுக்குப் பயம் போய்விட்டது. ஒரு வருஷமாக வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத உடம்பை ஒரு வெள்ளைக்காரர் பார்க்கக் கேட்கிறார்! சட்டையைக் கழற்றி, வயிற்றை எக்கி, இரண்டு கைகளையும் மடக்கி நின்றான். அதிகாரி பிரம்பால் முதலில் படத்தைத் தொட்டார், பிறகு அண்ணனைத் தொட்டார். படத்தில் ஒரு எண், உடம்பில் அதே இடம். தொடத் தொடத் தலையை ஆட்டினார்.

“போலீசு தொர சொல்றாரு, ஒன்னோட பதினொன்னக் காணோமாம்,” என்றார் கிராணி.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“பதினொன்னுக்கு இன்னும் வரலிங்க,” என்றான் அண்ணன் மெய்யாகவே. “போன வாரந்தான் ஒம்பது முடிஞ்சிச்சு. ஒம்பதப் பாக்கச் சொல்லுங்க.”

ஒன்பதையும் பார்த்தார்கள். அதுவும் இல்லை. அதிகாரியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு வருஷம் இந்த மனிதன் பால் குடித்திருந்தால் அது இந்த உடம்பில் எங்கேயாவது தெரிய வேண்டும், தெரியவில்லை, ஆகவே பால் வேறு எங்கேயோ போயிருக்கிறது என்றார். கிராணி மொழிபெயர்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஓவியன் ஒருவன் மனம்போன போக்கில் உருட்டி வைத்த உருண்டைகளை வைத்து ஒரு மனிதனுக்குக் கப்பல் சீட்டுக் கிழிக்கிறார்கள்! கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிப் பேசினேன்.

அந்தப் பதினொன்று யாருக்குமே கிடையாது என்றேன். அந்தப் படத்துக்கு நின்றவனுக்கே இருந்திருக்காது. மரம் வெட்டுகிறவனின் பலம் முன்கையில், கெண்டைக்காலில், முதுகின் கீழே இருக்கிறது. அங்கெல்லாம் இந்தப் படத்தில் எண்ணே இல்லை. அண்ணனின் கையைப் பிடித்து, முஷ்டியை மடக்கச் செய்து, மணிக்கட்டில் எழும் நார்களைக் காட்டினேன். படத்தில் நடுவில் ஒரு நீளமான நார் போட்டிருக்கிறான், பாருங்கள், சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, இவனுடைய இடக்கையில் இல்லை, இல்லாததால் இவனுக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். படம் ஒரு மனிதனுடையது அல்ல, ஆகவே இதை வைத்து ஒரு மனிதனை நிறுக்க முடியாது என்று முடித்தேன். இன்றைக்கும் அந்த வாதத்தில் ஒரு சொல்லை நான் மாற்ற மாட்டேன்.

“நீ டாக்டரா?” என்றார் அதிகாரி.

“டிரெஸ்ஸர். பயிற்சியில் இருக்கிறேன்.”

“நான் கேட்டது பாலைப் பற்றி. மணிக்கட்டைப் பற்றி அல்ல.”

அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “என்னடா சொன்ன அவன்ட்ட?”

“நரம்பப் பத்திப்பா.”

“நரம்பப் பத்தியா! புள்ளயக் கப்பல் ஏத்தப் போறான், நீ நரம்பப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிற! கால்ல விழுடா!”

விழவில்லை. விழுவதற்குள் அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. பள்ளிக்கூடப் பையன்கள் தவளையை வைத்து விளையாடும்போது தோன்றுமே, அந்த மாதிரி யோசனை. கிராணி அதைத் தமிழில் சொன்னபோது அவர் குரலே இறங்கிவிட்டது.

“எனக்குத்தான் வச்சிருந்தேங்கறல்ல? இங்கயே குடிக்கணுமாம். நாலு டின்னும். உள்ள நின்னா வீட்டுக்குப் போ. வெளிய வந்துச்சுன்னா ஜீப்புல ஏறு.”

அண்ணன் என்னைப் பார்த்தான். “டபுள் பங்குதானே தம்பி,” என்றான். சிரிக்கப் பார்த்தான்.

முதல் டின்னின் ரப்பரை நகத்தால் நெம்பினான். தோல்போல உரிந்து வந்தது. அண்ணாந்து வாய் வைத்தான்.

கெட்டிப்பாலை அப்படியே குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தானாக இறங்காது. ஒவ்வொரு வாயையும் தொண்டை பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். நான் கையெட்டும் தூரத்தில் நின்றேன். அண்ணனின் மோவாய்க்கு அடியில் இறுகுவதும், குரல்வளை மேலே ஏறி ஒரு நொடி நின்று இறங்குவதும், அதன் இரண்டு பக்கமும் நூல் மாதிரி மெல்லிய பட்டைகள் எழும்பி மறைவதும் தெரிந்தன. மேசைமேல் கிடந்த படத்தில் கழுத்தைப் பார்த்தேன். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இரண்டு தடித்த கயிறு. அவற்றுக்கு எண் உண்டு. நடுவில், விழுங்குகிற இடத்தில், ஒரு வெற்றுக் குழி. எண் இல்லை. விழுங்குவதையெல்லாம் எவன் வரைவான்? புகைப்படத்தில் விழாதே. சான்றிதழும் கிடைக்காதே.

இரண்டாவது டின்னின் நடுவில் தண்ணீர் கேட்டான். அதிகாரி கையசைத்து அனுமதித்தார். மூன்றாவதில் நெற்றியும் முதுகும் வேர்த்து ஊற்றின. வயிறு குலுங்கிக் குலுங்கி அடங்கியது. படத்தில் இருப்பவனுக்கு வயிற்றில் சோப்புக்கட்டி அடுக்கினதுபோல் ஆறு கட்டிகள். அந்தக் கட்டிகளுக்கு உள்ளே, விலாவுக்கு அடியில் குறுக்கே ஒரு தசை குடைபோல் கவிழ்ந்திருக்கிறது. இரைப்பையின் வாயில் ஒரு வளையம் இருக்கிறது. என் அண்ணன் இந்த நாட்டில் இருப்பதும் இல்லாததும் அப்போது அந்த இரண்டின் கையில்தான் இருந்தது.

கூட்டத்தில் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. நாலாவது டின்னை அவன் எடுக்கும்போது கிராணி அதிகாரிக்குக் கேட்காமல், “மெதுவாக் குடி. மெதுவா. மூக்கால மூச்சு விடு,” என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை.

குடித்துவிட்டான். அதிகாரி டின்னை வாங்கிக் கவிழ்த்தார். ஒரு வெள்ளை நூல் இறங்கி நீண்டு அறுந்தது. ‘சபாஷ்’ என்கிற மாதிரி அண்ணனின் தோளில் தட்டினார். தட்டின வேகத்தில் அங்கேயே எல்லாம் வெளியே வந்துவிடும் என்று என் உயிர் போய்த் திரும்பியது. பிறகு படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, இவன் வீட்டு வாசலில் நின்று பார், நான் கிளம்பும்வரை வாந்தி எடுக்கிறானா என்று கவனி என்று உத்தரவிட்டார். அவர் துரையின் பங்களாவுக்குச் சாப்பிடப் போனார்.

அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நடத்திக்கொண்டு போனோம். அண்ணன் நிறைகுடம் தூக்கினவன் மாதிரி நடந்தான். உதடு ஒட்டியிருந்தது. வழியில் யாரோ, “பயில்வானே, பசி தீந்துச்சா?” என்றார்கள். அவன் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

வீட்டில் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். படுக்க முடியாது. அம்மா ஓடிவந்து தண்ணீரை நீட்டினாள், செம்பைத் தட்டிவிட்டேன். பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று சைகை காட்டினேன். வாந்தி என்பது நம் இஷ்டத்தில் நடப்பதல்ல, மூளையின் அடியிலிருந்து கட்டளை வரும், வயிறும் விலாவும் சேர்ந்து பிழியும் என்று படித்திருக்கிறேன். வருகிற கட்டளையை ஒருவன் எதனால் தடுத்து நிறுத்துகிறான் என்று மட்டும் எங்கள் பாடத்தில் இல்லை. அண்ணன் மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். ஒவ்வொரு அலை வரும்போதும் என் கையைப் பிடித்தான். கட்டைவிரல் நகம் என் சதைக்குள் இறங்கியது. வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் எங்களைப்போல் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான். பார்க்க வேண்டியவன் எங்களுக்கு முதுகைக் காட்டி, வேலியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துரை அன்றைக்கு என்னதான் பரிமாறினாரோ, சாப்பாடு முடியவே இல்லை. வெயில் லயத்தின் மறுபக்கம் போயிற்று. ஒருவழியாக ஜீப் உறுமியது. லாரி உறுமியது. வாசல் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது, மூடியது. கான்ஸ்டபிள் சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போய் லாரியில் ஏறிக்கொண்டான். சத்தம் மலைவளைவில் இறங்கி இறங்கித் தேய்ந்தது. அது முழுவதும் தேயும்வரை அப்பா விடவில்லை. ஒரு விரலை உயர்த்தியபடியே நின்றார். பிறகு பால்வாளியை இழுத்து அண்ணனின் முகத்துக்கு நேரே வைத்து, அவன் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

“எடுடா. இப்ப எடு.”

வாளியில் பாதி நிறைந்தது. அதற்கப்புறமும் ஒன்றும் இல்லாமல் வெறுமனே குமட்டிக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன்.

“எங்கடா போற?” என்றார் அப்பா.

“காவாயில ஊத்த.”

“படிச்சவன்தானே நீ? காவா வாசல் வழியாத்தான் போவுது. வெள்ளையா ஓடுச்சுன்னா வேலியில நிக்கிறவன் கண்ணு குருடா? நாளைக்குத் திரும்ப வருவான்லா.”

வாளியைக் கீழே வைத்தேன். அம்மா அடுப்பிலிருந்து சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டு, ஒரு விறகுக் குச்சியால் கிளறினாள். வெள்ளை மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாயிற்று.

“வெளிய எவனாச்சும் நிக்கிறானா பாரு தம்பி,” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்பா அடுப்படி மண்தரையில் குழிக்கு இடம் பார்த்து மண்வெட்டியைப் போட்டார்.